பள்ளிக்கூடத்துக் கொலை நாவலில் எதை மறைப்பது?

கேள்வி இது: "ஒரு பள்ளியைக் களமாக வைத்துக் குற்ற நாவல் எழுதியிருக்கிறேன். பதினான்கு வயதுக் கதிரை ஒரு கூட்டம் மூன்று வருடமாக வதைக்கிறது. அந்தக் கூட்டத்தின் தலைவன் விக்ரம் ஆண்டு விழா அன்று மாடிப்படிக்குக் கீழே இறந்து கிடக்கிறான். இன்ஸ்பெக்டர் வருகிறார். மூன்றாம் அத்தியாயத்தில் கதிரின் டைரி அவர் கையில் கிடைக்கிறது, நடந்த கொடுமையெல்லாம் அதிலிருந்துதான் வெளியே வருகிறது. படித்த நண்பர்கள் இரண்டு குறை சொல்கிறார்கள். கொலையாளி யாரென்று சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. வதைக் காட்சிகள் சினிமா மாதிரி இருக்கின்றன. வரைவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எப்படித் திருத்துவது?"

நான் பள்ளி மாணவர்களுக்கு ஆலோசகராக நெடுங்காலம் வேலை பார்த்தவன். குற்ற நாவல் கையில் கிடைத்தால் முடிக்காமல் கீழே வைக்காதவன். உங்கள் நண்பர்கள் சொன்ன இரண்டு குறைக்கும் காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அந்த டைரிதான் காரணம்.

கொலை நாவலில் எதையாவது மறைத்துத்தான் ஆக வேண்டும், சரி. நீங்கள் வதையை மறைத்திருக்கிறீர்கள். பள்ளியில் நடக்கும் வதை அநேகமாக ரகசியமாக இருப்பதே இல்லை. வகுப்பில் நாற்பது பேர் என்றால் நாற்பது பேருக்கும் தெரியும். பக்கத்து வகுப்புக்குத் தெரியும். பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்குத் தெரியும். கழிப்பறையைச் சுத்தம் செய்யும் அம்மாவுக்குத் தெரியும். ஆசிரியர்களில் பாதிப் பேருக்கு அரைகுறையாகத் தெரியும். ஒன்றுமே தெரியாதவர்கள் என்றால் பெரும்பாலும் அந்தப் பிள்ளையின் வீட்டார்தான். இத்தனை பேருக்குத் தெரிந்த விஷயத்தை இன்ஸ்பெக்டர் ஒரு டைரியைத் திறந்து கண்டுபிடிக்கிறார் என்றால், பள்ளியில் படித்த எந்த வாசகரும் உள்ளுக்குள் அதை நம்ப மாட்டார்.

கனடாவில் டெப்ரா பெப்லர், வெண்டி கிரெய்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் பள்ளி மைதானங்களில் வீடியோ கேமராவை வைத்து, பிள்ளைகளின் உடையில் சின்ன மைக்கையும் மாட்டி, நடப்பதை நடந்தபடி பதிவு செய்தார்கள். அந்தப் பதிவுகளை வைத்து 2001இல் வந்த ஓர் ஆய்வில், வதை நடந்த சம்பவங்களில் 88 சதவீதத்தில் மற்ற பிள்ளைகள் அங்கேயே இருந்தார்கள். அவர்களில் யாராவது குறுக்கே வந்தது 19 சதவீதச் சம்பவங்களில்தான். ஆனால் அப்படி வந்தபோது பாதிக்கு மேல், 57 சதவீதம், பத்து வினாடிக்குள் வதை நின்றுபோனது.

அந்தப் பத்து வினாடியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். "விடுடா, போதும்" என்று ஒருவன் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. மூன்று வருடமாகச் சொல்லவில்லை. உங்கள் கதையில் நாற்பது பேர் அந்தக் கணக்கோடுதான் விசாரணை அறைக்குள் வந்து உட்காருகிறார்கள். விக்ரமை யார் தள்ளியது என்ற கேள்வி இருக்கட்டும். அதற்கு அடியில் இன்னொரு கேள்வி ஓட வேண்டும்: யாருக்கெல்லாம் தெரியும், ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை? முதல் ஐம்பது பக்கத்துக்குள் வகுப்புக்குத் தெரிந்ததெல்லாம் வாசகருக்கும் தெரிந்துவிடட்டும். அப்போதும் அவருக்குக் கொலையாளி தெரியக் கூடாது. அதற்கு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

முதலில் மௌனம். எல்லாரும் கோழைகள் என்று எழுதிவிட்டால் அது பொய்யாகிவிடும். ஒருத்தி பேசாமல் இருப்பது, அடுத்தது தன் பெயர் வரும் என்ற பயத்தில். இன்னொருவன் போன வருடம் ஒரு ஆசிரியரிடம் போய்ச் சொன்னான். அவர் இருவரையும் கூப்பிட்டுக் கைகுலுக்க வைத்து அனுப்பினார். அன்று சாயங்காலம் கதிருக்கு இரட்டிப்பாக விழுந்தது. அதோடு அவன் யாருக்கும் எதையும் சொல்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டான். வேறு சிலருக்கு அது பிடிக்கவே இல்லை, ஆனால் மற்ற எல்லாரும் சிரிக்கிறார்களே, நமக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறது போல என்று நினைத்துக்கொண்டு அவர்களும் சிரித்துவைக்கிறார்கள். ஒரு வகுப்பு முழுக்கத் தனித்தனியாக மனசுக்குள் வேண்டாம் என்று நினைத்தபடி கூட்டமாகச் சிரிக்க முடியும். இதை ஒரே ஒரு அத்தியாயத்தில், நான்கைந்து பிள்ளைகளின் வாக்குமூலங்களாக, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துக் காட்டினால் வாசகர் நிமிர்ந்து உட்காருவார்.

பின்லாந்து ஆய்வாளர் கிறிஸ்டினா சல்மிவாலி 1996இல் தன் குழுவோடு வெளியிட்ட ஆய்வு உங்களுக்கு நேரடியாக உதவும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் 573 பேரிடம், வதை நடக்கும்போது வகுப்பில் யார் என்ன செய்வார்கள் என்று கேட்டார்கள். வதைப்பவன், வதைபடுபவன் என்ற இருவரோடு முடியவில்லை. தலைவனுக்குக் கைகொடுக்கும் உதவியாளர்கள் இருந்தார்கள். கை வைக்காமல் சிரித்தும் கூட்டம் சேர்த்தும் தூண்டிவிடுபவர்கள் இருந்தார்கள். ஒதுங்கி நிற்பவர்கள், வதைபடும் பிள்ளைக்காகப் பேசுபவர்கள் என்று இன்னும் இரண்டு வகை. மொத்தம் ஆறு இடம். பிற்பாடு பின்லாந்தில் உருவான 'கிவா' என்ற தடுப்புத் திட்டம் இந்தப் புரிதலிலிருந்துதான் வந்தது: வேடிக்கை பார்க்கிற கூட்டம் மாறினால் வதைப்பவனுக்கு மேடை இல்லாமல் போய்விடும்.

உங்கள் வரைவில் கதிர், விக்ரம், பெயர் தெரியாத ஒரு கூட்டம், அவ்வளவுதான் இருக்கிறது. அதனால்தான் கொலையாளி உடனே தெரிந்துவிடுகிறது. வாசகருக்குச் சந்தேகப்பட வேறு ஆளே இல்லை. ஆறு இடத்திலும் ஆட்களை நிரப்புங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக ஒரு காரணம், ஒரு பயம் இருக்கிறது.

இவர்களில் கதைக்கு மிகவும் வளமானவன் உதவியாளன்தான். பையைப் பிடுங்கிக் கொடுப்பவன், கதவருகே காவல் நிற்பவன். வெளியிலிருந்து பார்த்தால் விக்ரமின் உயிர் நண்பன். உள்ளே போய்ப் பாருங்கள்: மூன்று வருடத்துக்கு முன்பு, இப்போது கதிர் இருக்கும் இடத்தில் அவன் இருந்திருக்கலாம். கதிர் வந்ததால் தப்பித்தான். கதிர் பள்ளியை விட்டுப் போய்விட்டால் அடுத்தது யார் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். விக்ரம் லேசாக முகம் சுளித்தாலும் அன்றைக்கு அவனுக்குத் தூக்கம் வராது. வதைப்பவனாகவும் வதைபடுபவனாகவும் ஒரே சமயத்தில் இருக்கும் பிள்ளைகளின் மனநிலைதான் மற்ற எல்லாரையும்விட மோசமாக இருக்கிறது என்று ஆய்வுகளும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அப்படி ஒருவன் உங்கள் நாவலில் பக்கத்துக்குப் பக்கம் வந்தும் யாரும் அவனைக் கவனிக்காமல் இருந்தால், குற்ற நாவல்காரருக்கு அதைவிட நல்ல மறைவிடம் வேண்டுமா?

வதையைத் தடுக்கப் போனவளையும் விட்டுவிடாதீர்கள். முதல் வருடம் கதிருக்காகப் பேசிய ஒரு பெண், இரண்டாம் வருடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள் என்று வையுங்கள். ஏன் நிறுத்தினாள் என்பது ஒரு தனி மர்மம். விக்ரம் அவளை மிரட்டினானா, அவளைப் பற்றி ஏதாவது பரப்பினானா, இல்லை அவள் வெறுமனே களைத்துப்போனாளா? மூன்றுக்கும் மூன்று வேறு கதை வரும்.

அடுத்து, சினிமா மாதிரி இருக்கிறது என்ற குறை. கதிரின் தலையைக் கழிவறைக் கோப்பையில் அமுக்குகிறார்கள், ஏழு பேர் சேர்ந்து உதைக்கிறார்கள், மைதானத்தின் நடுவில் சட்டையைக் கிழிக்கிறார்கள் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். இப்படி நடப்பதே இல்லை என்று சொல்ல மாட்டேன், நடக்கிறது. ஆனால் தினம் நடப்பது இது இல்லை. பள்ளி வதையை முறையாக ஆராய ஆரம்பித்தவர் டான் ஓல்வியஸ். ஸ்வீடனில் பிறந்து நார்வேயில் வேலை பார்த்தவர். 1970களிலேயே தொடங்கிவிட்டார், ஆனால் 1982இன் கடைசியில் நார்வேயில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்ட பிறகுதான் அரசாங்கம் நாடு முழுக்கப் பள்ளிகளில் தடுப்புத் திட்டம் கொண்டுவந்தது. அவர் வதைக்குச் சொன்ன இலக்கணம் மூன்று: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, திருப்பிச் செய்ய முடியாத ஒருவனிடம் செய்வது. நாவல் எழுதுகிறவருக்கு இதில் நடுவில் இருப்பதுதான் சவால். ஒரே காட்சியில் எவ்வளவு ரத்தம் காட்டினாலும் "திரும்பத் திரும்ப" என்பதைக் காட்டிவிட முடியாது. அதற்குச் சின்னதாக ஒன்றை எடுத்து, நாவல் முழுக்க இழைக்க வேண்டும்.

உதாரணத்துக்கு இப்படி ஒன்று. வகுப்பாசிரியர் காலையில் வருகைப் பதிவேடு எடுக்கிறார். கதிரின் பெயரைக் கூப்பிட்டதும், அவன் பதில் சொல்வதற்குள், பின் பெஞ்சிலிருந்து ஒரு சின்னச் சத்தம். மூக்கை உறிஞ்சுகிற மாதிரி. ஒரே ஒரு தடவை. நான்கைந்து பேர் குனிந்துகொள்கிறார்கள். ஆசிரியர் தலையை நிமிர்த்தவில்லை. பேனா அரை வினாடி நின்று அடுத்த பெயருக்குப் போகிறது. முதல் முறை இதைப் படிக்கும் வாசகர் கவனிக்கக்கூட மாட்டார். மறுபடி ஐந்தாம் அத்தியாயத்தில் நூலகத்தில், நூலகர் அவன் பெயரைச் சொல்லிப் புத்தகத்தை நீட்டும்போது அதே சத்தம். பரிசளிப்பு விழாவில் ஒலிபெருக்கியில் அவன் பெயர் வரும்போது அதே சத்தம், இப்போது அரங்கத்தின் நாலு மூலையிலிருந்தும். அப்புறம் விக்ரம் இறந்து பத்து நாள் கழித்து, இன்ஸ்பெக்டர் வகுப்பில் நின்று வாக்குமூலத்துக்கு வர வேண்டியவர்களின் பட்டியலை வாசிக்கிறார். கதிரின் பெயர் வருகிறது. எங்கிருந்தோ அந்தச் சத்தம். பழக்கத்தில் வந்துவிட்டது. செய்தவனே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொள்கிறான். தலைவன் போய்விட்டான், பழக்கம் போகவில்லை. இன்ஸ்பெக்டருக்கு இந்த வகுப்பு புரிய ஆரம்பிப்பது அந்த இடத்தில்தான். எந்த டைரியாலும் அவருக்கு இதைப் புரியவைத்திருக்க முடியாது. அடியும் உதையும் நாவலில் ஒரு இடத்தில், ஒரே ஒரு இடத்தில் வந்தால் போதும். இந்தச் சத்தத்துக்குப் பிறகு வந்தால் அந்த ஒரு அடி வாசகரின் மேலே விழும்.

இந்த நாவலில் தடயங்களும் வேறு மாதிரி இருக்கும். கைரேகையையும் ரத்தத் துளியையும் தேடுவதைவிடப் பள்ளியின் அலுவலகக் காகிதங்களைத் தேடச் சொல்லுங்கள் உங்கள் இன்ஸ்பெக்டரை. மருத்துவ அறைப் பதிவேட்டில் கதிருக்குச் செவ்வாய்க்கிழமை தோறும் வயிற்றுவலி; உடற்பயிற்சி வகுப்பு செவ்வாய்க்கிழமை. வதைபடும் பிள்ளைகளுக்குத் தலைவலி, வயிற்றுவலி, தூக்கமின்மை வருவது நன்றாகப் பதிவான விஷயம், நடிப்பில்லை. அதே போல நூலகப் பதிவேட்டில் உணவு இடைவேளை முழுக்க அவன் கையெழுத்து, ஒரு புத்தகமும் எடுத்துப் போகாமல். ஒரே பருவத்தில் மூன்று தண்ணீர் பாட்டில், இரண்டு கணக்கு நோட்டு தொலைந்துபோனதாக அம்மாவுக்கு ஞாபகம். பள்ளி முழுக்கக் கண்காணிப்புக் கேமரா இருந்தும் ஒருநாளும் அவன் கழிப்பறைப் பக்கம் போகும் காட்சியே இல்லை. காலை எட்டு மணியிலிருந்து மாலை வரை அடக்கிக்கொள்கிறான். பெரியவர்களின் பார்வை படாத இடங்களில் வதை அதிகம் நடக்கும்: கழிப்பறை, மாடிப்படித் திருப்பம், உடை மாற்றும் அறை, பேருந்தின் கடைசி வரிசை. வதைபடும் பிள்ளை அந்த இடங்களைத் தவிர்த்துத் தனக்கென்று ஒரு வரைபடமே வைத்திருக்கும். கதிரின் வரைபடத்தை இன்ஸ்பெக்டர் கண்டுபிடித்துவிட்டால் ஒரு விஷயம் பிடிபடும்: விக்ரம் இறந்து கிடந்த மாடிப்படி, கதிர் இரண்டு வருடமாகக் கால் வைக்காத படி. அவன் அங்கே போயிருந்தால் ஏன் போனான்? போகவில்லை என்றால் அவன்தான் கொலையாளி என்று எல்லாரும் ஏன் இவ்வளவு நிச்சயமாக இருக்கிறார்கள்?

இப்போது விக்ரமுக்கு வருகிறேன். அவனை ஒரு அரக்கனாக எழுதியிருக்கிறீர்கள். குடிகாரத் தந்தை, படிப்பு வராது, எல்லாருக்கும் அவனைக் கண்டால் பயம். வதைக்கும் பிள்ளை உள்ளுக்குள் தாழ்வு மனப்பான்மையால் தவிக்கிறவன் என்ற நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. ஓல்வியஸின் ஆய்வுகளில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் 1999இல் ஜான் சட்டன், பீட்டர் ஸ்மித், ஜான் ஸ்வெட்டன்ஹாம் மூவரும் வெளியிட்ட ஆய்வில், வதைக் கூட்டத்தின் தலைவர்களாக இருந்த பிள்ளைகள் அடுத்தவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று கண்டுபிடிப்பதில் மற்றவர்களைவிடத் தேர்ச்சி காட்டினார்கள். எங்கே தொட்டால் வலிக்கும் என்று தெரிந்திருக்க அந்தத் தேர்ச்சி வேண்டும். ஆசிரியரிடம் எப்படிப் பேசினால் தப்பிக்கலாம் என்பதற்கும் அதே தேர்ச்சிதான்.

ஆகவே விக்ரம் எல்லாருக்கும் பிடித்தவனாக இருக்கட்டும். ஆண்டு விழாவில் தொகுத்து வழங்குபவன். புதிதாக வந்த ஆசிரியைக்கு முதல் நாள் வகுப்பறையைக் காட்டிக் கொடுத்தவன். தங்கைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவன். அவன் இறந்ததும் பள்ளி உண்மையாகவே அழ வேண்டும். வாசகருக்கும் அவன் அம்மாவைப் பார்த்து வயிறு கலங்க வேண்டும். செத்தவன் கெட்டவன், போனால் போகிறான் என்று வாசகர் நினைத்துவிட்டால், பதினான்கு வயதுப் பிள்ளையின் சாவைப் பற்றி அக்கறையில்லாத ஒரு நாவலை எழுதிவிட்டோம் என்று ஆகிவிடும். வதையைக் கண்டிக்கும் நாவலுக்கு அந்த அலட்சியம் கூடவே கூடாது.

கதிர்தான் கொலையாளி என்ற உங்கள் முடிவைப் பற்றி. இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. வதைபட்ட பிள்ளை ஒருநாள் வெடித்துக் கொலை செய்வான் என்ற கதை, வதைபடும் பிள்ளைகள் மேல் இன்னொரு பழியைச் சுமத்துகிறது. 1999 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் கொலராடோவில் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு மாணவர்கள் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் கொன்றார்கள். ஒதுக்கப்பட்டவர்கள் பழிவாங்கினார்கள் என்றுதான் முதல் சில நாள் செய்திகள் எழுதின. பின்னால் வெளிவந்த விவரங்கள் அவ்வளவு எளிதாக இல்லை. அவர்களுக்கு நண்பர்கள் இருந்தார்கள். ஒரு வருடத்துக்கு மேலாகத் திட்டமிட்டிருந்தார்கள். உணவுக்கூடத்தில் குண்டு வைத்துக் கண்ணில் பட்ட எல்லாரையும் கொல்வதுதான் அந்தத் திட்டம்.

அமெரிக்க ரகசிய சேவையும் கல்வித் துறையும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட அறிக்கை 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்தது. தாக்கியவர்களில் 71 சதவீதம் பேர் தாங்கள் வதைக்கப்பட்டதாக, துன்புறுத்தப்பட்டதாக அல்லது மிரட்டப்பட்டதாக உணர்ந்தவர்கள். இந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் நிறைய. அதே அறிக்கை, தாக்குபவன் இப்படித்தான் இருப்பான் என்று அடையாளம் காட்டும் பயனுள்ள வார்ப்பு எதுவும் இல்லை என்றும் சொல்கிறது. கோடிக்கணக்கான பிள்ளைகள் வதைபடுகிறார்கள். அவர்களில் கிட்டத்தட்ட எல்லாருமே யாரையும் தொடாமல் வளர்கிறார்கள். வலி அவர்களுக்குள்ளேதான் போய்த் தங்குகிறது. பிரிட்டனில் 1958இல் ஒரே வாரத்தில் பிறந்தவர்களை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து வரும் ஓர் ஆய்வு உண்டு. ஏழு, பதினொரு வயதுகளில் வதைபட்டவர்களுக்கு ஐம்பது வயதிலும் மன உளைச்சல் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது என்று 2014இல் வெளியிட்டார்கள்.

அதே 2002 அறிக்கையில் உங்களுக்குத் தேவையான எண் வேறு. 81 சதவீதத் தாக்குதல்களில், நடக்கப் போவது பற்றி முன்கூட்டியே குறைந்தது ஒருவருக்காவது ஏதோ தெரிந்திருந்தது. பெரும்பாலும் அது ஒரு நண்பன், வகுப்புத் தோழன், கூடப் பிறந்தவன். மறுபடியும் நாம் ஆரம்பித்த இடம்தான்: யாருக்குத் தெரியும்?

சரி, கதிர் கொலையாளி இல்லை என்றால் அவனுக்கு நாவலில் என்ன வேலை? மிகப் பெரிய வேலை இருக்கிறது. வாசகர் அவனைச் சந்தேகிக்கட்டும். இன்ஸ்பெக்டரும் சந்தேகிக்கட்டும். பள்ளி முழுக்க அவனைச் சுட்டிக்காட்டட்டும். ஒருவனைக் குறிவைத்து எல்லாரும் ஒன்றுசேர்வது அந்த வகுப்புக்குப் பழக்கப்பட்ட விஷயம்; மூன்று வருடமாக விக்ரம் தலைமையில் செய்ததை இப்போது காவல் துறையின் தலைமையில் செய்கிறார்கள். உங்கள் இன்ஸ்பெக்டர் நல்லவர், நேர்மையானவர். இருந்தும் அவருடைய விசாரணையே வதையின் அடுத்த அத்தியாயமாக ஆகிவிடுகிறது. கதிர் தனியாக அழைக்கப்படுகிறான், அவன் பை சோதனையிடப்படுகிறது, வெளியே பிள்ளைகள் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார்கள். ஒரு கட்டத்தில் இன்ஸ்பெக்டருக்கே அது உறைக்க வேண்டும். வாசகரும் தான் எவ்வளவு சுலபமாக அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டோம் என்று உணர்வார். கொலையாளியை மறைக்க வழி இருக்கிறது என்று மேலே சொன்னேனே, அது இதுதான். ஒரு தகவலையும் பதுக்கவில்லை. வாசகரின் பழக்கமே அவர் கண்ணை மறைக்கிறது.

இல்லை, கதிராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தால் அது உங்கள் உரிமை. ஆனால் "வதைபட்டான், அதனால் கொன்றான்" என்று ஒரே கோட்டில் இழுக்காதீர்கள். வதை தொடங்கிய நாளுக்கும் அந்த மாடிப்படிக்கும் நடுவில் என்னென்ன வழிகள் அடைபட்டன, யார் யார் கதவைச் சாத்தினார்கள் என்பதுதான் நாவலாக வேண்டும். அவன் தள்ளியதை ஒரு வெற்றியாக எழுதவே எழுதாதீர்கள். ஸ்டீஃபன் கிங் 1977இல் ரிச்சர்ட் பாக்மன் என்ற புனைபெயரில், துப்பாக்கியோடு வகுப்பறையைப் பிடித்துவைக்கும் ஒரு மாணவனைப் பற்றி 'ரேஜ்' என்ற நாவலை எழுதினார். 1997இல் கென்டக்கியில் ஒரு பள்ளியில் மூன்று மாணவிகளைச் சுட்டுக் கொன்ற பையனின் அலமாரியில் அந்த நாவல் இருந்தது. அதற்குப் பிறகு கிங்கே அதை அச்சிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். ஒரு நாவல் கொலையை உண்டாக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. காயம்பட்ட ஒரு பிள்ளை உங்கள் புத்தகத்தையும் படிக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பள்ளி நிர்வாகத்தை ஒரே ஒரு பத்தியில் முடித்துவிட்டீர்கள், தலைமையாசிரியர் வில்லன் மாதிரி பேசுகிறார். இதற்கு ஜப்பானில் நடந்த இரண்டு சம்பவங்களைப் படியுங்கள். 1986இல் டோக்கியோவின் நகானோவில் படித்துவந்த ஒரு நடுநிலைப் பள்ளி மாணவன் தற்கொலை செய்துகொண்டான். சில மாதங்களுக்கு முன் வகுப்பில் அவன் இறந்துவிட்டதாக வைத்து இழவு வீட்டு விளையாட்டு ஒன்றை நடத்தியிருந்தார்கள். அவன் மேசையில் வைத்த இரங்கல் அட்டையில் வகுப்பாசிரியர் உட்பட நான்கு ஆசிரியர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். விளையாட்டு என்று நினைத்துத்தான் போட்டார்கள். அவர்களை வில்லன்களாக நினைத்தால் நமக்கு நிம்மதியாக இருக்கும். அந்தக் கையெழுத்துகள் அதைவிடப் பயங்கரமானவை. இன்னொன்று 2011இல் ஓட்சு நகரத்தில். ஒரு மாணவன் இறந்த பிறகு பள்ளியே மற்ற மாணவர்களிடம் எழுத்தில் கருத்துக் கேட்டது. பிள்ளைகள் பார்த்ததையும் கேட்டதையும் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பதில்களை அதிகாரிகள் முழுமையாகத் தொடரவில்லை. 2012இல் விஷயம் வெடித்து, போலீஸ் பள்ளியையும் கல்வி வாரியத்தையும் சோதனையிட்டது. 2013இல் ஜப்பானில் வதைத் தடுப்புச் சட்டமே வந்தது.

உங்கள் டைரிக்குப் பதிலாக இதைப் போல ஒன்றை வையுங்கள். நாற்பது பிள்ளைகள் பெயர் போடாமல் எழுதிக் கொடுத்த நாற்பது தாள்கள், அலுவலக அலமாரியில், விக்ரம் இறப்பதற்கு ஆறு மாதம் முன்பே. ஒரு தாளில் எதுவும் எழுதாமல் கதிரின் பெயர் மட்டும். ஒரு தாளில் "சொன்னால் என்ன செய்வீர்கள்?" என்று கேள்வி. ஒன்றில் எழுதி எழுதி அழித்திருக்கிறது; வெளிச்சத்தில் பிடித்தால் வேறொரு ஆசிரியரின் பெயர் தெரிகிறது. கையெழுத்தை வைத்து யாருடையது என்று கண்டுபிடிப்பது இன்ஸ்பெக்டர் வேலை. வாசகருக்கும் அதில் பங்கு கிடைக்கும்.

சட்ட விஷயம் சுருக்கமாக. கதை எந்த நாட்டில் நடக்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். குற்றப் பொறுப்பு வயது இங்கிலாந்தில் 10, ஜெர்மனியிலும் ஜப்பானிலும் 14. கதிருக்குப் பதின்மூன்றா பதினான்கா என்பதில் சில நாடுகளில் நாவலின் முடிவே மாறிவிடும். பிள்ளைகளை விசாரிப்பதிலும் கவனம் வேண்டும். உங்கள் இன்ஸ்பெக்டர் மேசையைத் தட்டி, கேட்டதையே மூன்று முறை கேட்கிறார். ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டால், முதலில் சொன்னது தப்பு போல என்று நினைத்துப் பதிலை மாற்றிச் சொல்வது பிள்ளைகளின் வழக்கம். விசாரிக்கத் தெரிந்த அதிகாரி "என்ன நடந்தது, சொல்லு" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். விசாரிக்கத் தெரியாத அதிகாரி கேட்கிற விதத்தாலேயே பொய் வாக்குமூலம் வாங்கிவிடுவார். உங்கள் கதையில் ஒரு பொய் சாட்சி தேவைப்பட்டால் அது இப்படி வரட்டும்; யாரும் வேண்டுமென்று பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. கைபேசிக் குழுக்களையும் மறந்துவிடாதீர்கள். செய்தியை அழித்தாலும் யாரோ ஒருவர் படம் எடுத்து வைத்திருப்பார். யார் எடுத்தார், ஏன் பத்திரப்படுத்தினார் என்பதிலேயே ஒரு கிளைக்கதை கிடைக்கும்.

கதிர் தற்கொலைக்கு முயலும் ஒன்பதாம் அத்தியாயத்தில், எப்படி முயல்கிறான் என்ற விவரம் ஒரு வரிகூட வேண்டாம். ஒற்றைக் காரணமும் சொல்லாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் பத்திரிகைகளுக்கும் திரைத் துறைக்கும் இதைத்தான் சொல்கிறது, நாவலுக்கும் அது பொருந்தும். அந்த இரவு அவனைக் காப்பாற்றியது யார், என்ன பேசினார்கள் என்பதை விரிவாக எழுதுங்கள். அந்தப் பக்கங்களால் நிஜமாகவே யாருக்காவது உதவி கிடைக்கலாம்.

கடைசியாக உச்சக்காட்சி. இன்ஸ்பெக்டர் எல்லாரையும் அரங்கத்தில் உட்கார வைத்து, பன்னிரண்டு பக்கத்துக்கு விளக்கம் சொல்கிறார். அதை மொத்தமாக எடுத்துவிடுங்கள். தெரிந்தவர்கள் அந்த நாற்பது பேர், அவர்களே பேசட்டும். முதலில் ஒருவர் எழுந்து தான் பார்த்த ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லட்டும், அப்புறம் இன்னொருவர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு இருக்கிறது. முழுப் படம் யாரிடமும் இல்லை. யார் முதலில் எழுந்திருப்பார் என்று முடிவு செய்ய ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், பேசுவதை நிறுத்திக்கொண்ட அந்தப் பெண்ணாக இருக்கட்டும். மூன்றாம் அத்தியாயத்தையும் இந்தக் கடைசி அத்தியாயத்தையும் முதலில் திருத்தி எழுதுங்கள், நடுவில் இருப்பவை தானாக இடம் மாறும். எழுதிய பிறகு இரண்டையும் அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்.